தாயக்கட்டை உருட்டிப் பெற்ற கடவுச்சொல்

இணையத்திலிருந்து இறக்கிய ஆதார் கோப்பைத் திறக்க, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து உள்ளிட வேண்டும். ஊரறிந்த சூத்திரம் என்பதால் அதை யாரும் இரகசியம் என்று கருதுவதில்லை. ஆனால் என் மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்குக்கும் நான் பல ஆண்டுகளாக வைத்திருந்த கடவுச்சொற்களும் அதே அச்சில் வார்த்தவையே என்பதைச் சென்ற மாதம்தான் கவனித்தேன். பெயர், ஆண்டு, நடுவில் ஓர் அட் குறி. அவ்வளவுதான் என் கற்பனை.

மூன்று முறை தவறாக உள்ளிட்டால் கணக்கு முடங்கிவிடுமே, பிறகு ஏன் அஞ்ச வேண்டும் என்று நானும் நினைத்ததுண்டு. அந்தக் காவல் வாசலில் நின்று தட்டுபவனுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு நிறுவனம் கடவுச்சொற்களைப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து வைத்திருக்கும் கோப்பே களவு போனால், களவாடியவன் அதைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு, தடுப்பார் யாருமின்றி நொடிக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம். 2009-இல் சமூக வலைத்தளச் செயலிகளை உருவாக்கிய ராக்யூ நிறுவனத்திலிருந்து கசிந்த ஏறத்தாழ 3.2 கோடிக் கடவுச்சொற்களோ மறையாக்கமே செய்யப்படாமல் இருந்தன. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது 123456. மனிதர்கள் எப்படியெல்லாம் கடவுச்சொல் அமைக்கிறார்கள் என்பதற்கு அத்தகைய பட்டியல்களே திருடர்களின் பாடநூல்.

பெரிய எழுத்து, எண், குறி ஆகியவை கட்டாயம் என்னும் விதி பரவியதில், அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், தாம் செய்தவற்றுள் பலவற்றுக்கு வருந்துவதாக 2017-இல் சொன்னார். அதே ஆண்டு வந்த புதிய வழிகாட்டி, அவ்விதியையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் வழக்கத்தையும் கைவிட்டு, நீளத்துக்கு முதன்மை தந்தது. நம் அலுவலகங்கள் பலவற்றுக்கு இச்செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஆனால் நீளம் மட்டும் போதாது. தேர்வு நம் மனத்திலிருந்து வரக் கூடாது. பிடித்த பாட்டு வரி எத்தனை நீளமாக இருந்தாலும் பிறருக்கும் பிடித்ததாகவே இருக்கும். பகடை உருட்டிச் சொற்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கோத்துக் கடவுச்சொல்லாக்கும் டைஸ்வேர் முறையை ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் 1995-இல் வெளியிட்டார். அதன் பட்டியலில் 7776 ஆங்கிலச் சொற்கள் உள்ளன. எனக்கு அந்தச் சொற்கள் மனத்தில் நிற்கவில்லை என்பதால், வீட்டிலிருந்த பித்தளைத் தாயக்கட்டையை எடுத்தேன். நான்கு முகங்கள் கொண்ட ஒரு கட்டையை ஐந்து முறை உருட்டினால் 1024 வகையான முடிவுகள் கிடைக்கும். ஆகவே 1024 தமிழ்ச் சொற்களை நோட்டில் எழுதி எண்ணிட்டேன். அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால், ழகரத்துக்கு எந்த எழுத்து என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும்; இல்லையேல் மழை என்றைக்காவது மலையாகிவிடும். கைப்பழக்கம் உள்ளவர்கள் வேண்டிய எண்ணை விழவைப்பார்கள் என்பதால், கட்டையை உயரமான டம்ளரில் குலுக்கிப் போட்டேன்.

ஆறு சொற்களுக்கு முப்பது உருட்டல்கள். இதில் அமையக்கூடிய தொடர்கள் ஏறத்தாழ 11,500 கோடி கோடி. விசைப்பலகையின் 95 குறிகளிலிருந்து முற்றிலும் தற்செயலாக எடுத்த எட்டு எழுத்துக் கடவுச்சொல்லுக்கோ ஏறத்தாழ 66 கோடி கோடி வாய்ப்புகளே உண்டு. சொற்பட்டியல் திருடனிடமே இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக இப்படி உருட்டிக்கொண்டிருக்க முடியாது. ஓரிடத்தில் கசிந்ததைப் பிற தளங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள் என்பதால், ஒரே தொடரை எங்கும் பயன்படுத்தவும் கூடாது. எனவே பிட்வார்டன் என்னும் கடவுச்சொல் மேலாளரை நிறுவி, அதன் திறவுகோலாக மட்டும் இந்த ஆறு சொற்களை வைத்தேன்; மற்றவற்றை அதுவே உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆறு சொற்களையும் ஒரு தாளில் எழுதிப் பீரோவில் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். என் கணக்கைக் குறிவைப்பவன் என் பீரோ வரைக்கும் வரப்போவதில்லை.

விழுந்த சொற்கள் அழகாக இல்லை. பூசணிக்காயைப் போல நீளமான பெயருள்ள காய் ஒன்றும் அவற்றில் இருந்தது. மீண்டும் உருட்டக் கை துடித்தது. பிடித்தது வரும்வரை உருட்டினால் தேர்வு மறுபடியும் என் மனத்திடமே போய்விடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டு, ஒரு வாரம் அந்தக் காயைத் தப்பும் தவறுமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.