ஒத்தைக் கை

பெங்களூரு கம்மனஹள்ளி டீக்கடைல பக்கத்துல நின்ன காலேஜ் பையன், தெற்கு சூடானாம், என் விரல் மையைப் பார்த்துட்டு எங்க அம்மாவும் ஒருதடவை ஓட்டு போட்டிருக்காங்கன்னான்.

2011 ஜனவரி. வாக்குச்சீட்டுல ரெண்டே படம். சேர்ந்த கைன்னா சூடானோடவே இருக்கலாம், விரிச்ச ஒத்தைக் கைன்னா தனிநாடு. கிட்டத்தட்ட 99 சதவீதம் ஒத்தைக் கைக்குத்தான்.

ஜூலைல நாடு வந்துச்சு. 2013 டிசம்பர்ல ஜனாதிபதி சால்வா கீர் ஆளுங்களும், அவர்கிட்டயே துணை ஜனாதிபதியா இருந்த ரியக் மச்சார் ஆளுங்களும் சுட்டுக்க ஆரம்பிச்சாச்சு.

தலைவருங்க கைகுலுக்குற போட்டோவைப் போட்டுட்டு அமைதி வந்துடுச்சுன்னு நியூஸ்காரன் போயிடுறான். 2018 ஒப்பந்தத்துல ரெண்டு படையையும் ஒண்ணாக்குறோம்னாங்க, அது இழுத்துக்கிட்டே கிடக்கு, சிப்பாய்க்கு மாசக்கணக்கா சம்பளமும் வராது (கைல துப்பாக்கி, வயித்துல பசி, எவன் சும்மா இருப்பான்?).

2024 டிசம்பர் தேர்தலையும் ரெண்டு வருஷம் தள்ளிட்டாங்க.