பட்டாலியன் நடக்கும், சென்டர் நிற்கும்: அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்த வழி

அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய ராணுவ எண், பதவி, பெயர். 2023 ஏப்ரலில் அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தப் பெட்டியைத் திறந்து, ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுத்தேன். அப்பாவுக்குப் பிறகு அம்மாவுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியத்தை வாங்குவது இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன்; பத்து மாதம் பிடித்தது. எங்கள் பரதராமி, குடியாத்தம் பக்கத்தில் ராணுவத்தில் இருந்தவர் இல்லாத தெரு கிடையாது. அந்த வீடுகளில் யாருக்காவது உதவும் என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிக்கல் பெயரில் இருந்தது. அம்மா பிறந்தது சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், சித்தூர் மாவட்டத்தில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அந்தப் பக்கத்து வழக்கப்படி பெயருக்கு முன்னால் இண்டிபேரு, அதாவது குடும்பப் பெயர். பெண் என்றால் பெயரின் முடிவில் ‘அம்மா’வும் சேரும். பள்ளிச் சான்றிதழில் அப்படித்தான் நீளமாக எழுதியிருந்தார்கள். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகு ரேஷன் அட்டை போட்டபோது இண்டிபேரும் போனது, ‘அம்மா’வும் போனது, அப்பாவின் பெயரின் முதலெழுத்து முன்னால் வந்து உட்கார்ந்தது. வாக்காளர் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் ரேஷன் அட்டையைப் பார்த்து வந்தவை. ஆனால் 1986இல் கல்யாணம் முடித்துப் பட்டாலியனுக்குத் திரும்பிய அப்பா, கையில் இருந்த பள்ளிச் சான்றிதழின்படி மனைவி பெயரைக் கொடுத்திருந்தார். எல்லையின் இரண்டு பக்கமும் பெண் கொடுத்து பெண் எடுக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களில் இது யாருடைய தவறும் இல்லை. ஆனாலும் காகிதத்தில் பார்த்தால், அப்பாவின் மனைவி ஒருத்தி, எங்கள் அம்மா வேறொருத்தி.

முதல் மூன்று மாதத்தை ஒரு வங்கிக் கிளையில் செலவழித்தேன். ஓய்வூதியம் அங்கேதான் வந்துகொண்டிருந்தது, ஆகவே அங்கேதான் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். ஆதாரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மாற்றலாம்தான். மாற்றினால் பட்டா, ரேஷன் அட்டை, கூட்டுறவுச் சங்கக் கணக்கு என்று ஒவ்வொன்றையும் அதன் பின்னாலேயே மாற்றிக்கொண்டு போக வேண்டும். அறுபதை நெருங்கும் அம்மாவை அத்தனை வரிசைகளில் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் சுபேதார் பெரியப்பா வந்தார். அப்பாவோடு ஒரே கம்பெனியில் இருந்தவர், பலமநேர்க்காரர், அப்பாவுக்கு ஆறு வயது மூத்தவர். காகிதங்களை எல்லாம் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “வங்கிக்கு உன் அம்மாவை எப்படித் தெரியும், பாப்பா? ரெஜிமெண்டுக்குத்தானே தெரியும்?”

அவர் விளக்கிய பிறகுதான் நான் தட்டிக்கொண்டிருந்தது தவறான கதவு என்று புரிந்தது. காலாட்படையில் பத்துப் பேர் ஒரு செக்ஷன். மூன்று செக்ஷன் ஒரு பிளாட்டூன். மூன்று பிளாட்டூன் ஒரு ரைபிள் கம்பெனி. ஆல்பா, பிராவோ, சார்லி, டெல்டா என்று அப்படி நான்கு கம்பெனிகள். மார்ட்டர் போன்ற கனரக ஆயுதங்களுக்கு ஒரு சப்போர்ட் கம்பெனி, சமையல், வண்டி, கிளார்க் வேலைகளுக்கு ஒரு தலைமையகக் கம்பெனி. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ எண்ணூறு பேர் ஒரு பட்டாலியன். அதற்குத் தலைவர் கர்னல் பதவியில் இருக்கும் கமாண்டிங் ஆபீசர், சுருக்கமாக சி.ஓ. சி.ஓ.வுக்கும் ஜவான்களுக்கும் நடுவில் பாலமாக நிற்பவர் சுபேதார் மேஜர். இப்படிப் பல பட்டாலியன்கள் சேர்ந்ததுதான் மதராஸ் ரெஜிமெண்ட். பட்டாலியன் ஓரிடத்தில் இருக்காது. காஷ்மீரில் இரண்டு வருடம் என்றால் அடுத்தது ராஜஸ்தான், அதற்கடுத்தது வடகிழக்கு. ஆளைப் பற்றிய நிரந்தரக் காகிதம் அதோடு அலைந்தால் என்ன ஆகும்? அதனால் அது நீலகிரியில், வெலிங்டனில் இருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கிறது. ரெக்ரூட்டாக அப்பா 1979இல் பயிற்சி பெற்ற ரெஜிமெண்டல் சென்டரும் அங்கேதான். “பட்டாலியன் நடக்கும், சென்டர் நிற்கும்” என்றார் பெரியப்பா. பட்டாலியனில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனாலும் குழந்தை பிறந்தாலும் அதற்கு ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று ஓர் ஆணை போட்டு ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்புவார்கள். நான் பிறந்ததற்கும் அப்படி ஓர் ஆணை உண்டு என்று தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. எங்கோ பனியில் நின்ற அப்பாவின் பெயருக்குக் கீழே யாரோ ஒரு கிளார்க் என் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறார்.

முதலில் வேலூர். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றின் நகல்களைச் சரிபார்த்து, ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தின் வடிவத்தையும் கொடுத்தார்கள். என் அனுபவத்தில் முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம் அதுதான். திரும்பும் வழியில் மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு முன்னால் பெரியப்பா நின்றார். 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் எழுந்தவர்கள் பழைய மதராஸ் படையின் சிப்பாய்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் அவர்களைக் கொதிக்கவைத்தன. “இன்று எங்கள் பட்டாலியனில் கோயில் பரேடு என்றால், எந்த மதத்து அதிகாரியாக இருந்தாலும் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஜவான்களோடு வந்து உட்காருவார்” என்றார். பள்ளிக்கூடத்தில் அந்தப் புரட்சியைப் பாடமாக நடத்துகிறவள் நான். தலைப்பாகை ஒரு சிப்பாய்க்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தபாலில் அனுப்பியும் வேலை நடக்கும். பெயர்ச் சிக்கல் என்பதால் நேரில் போவது நல்லது என்று பெரியப்பா சொன்னார். காட்பாடியில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, காலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து பஸ்ஸில் குன்னூர். வெலிங்டன் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அம்மா அதுவரை மலை ஏறியதில்லை. அப்பா கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிச் சொல்லியே நாள் கடந்துவிட்டது.

வாயிலில் அடையாள அட்டை காட்டி, பெயர் எழுதி, கைபேசியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. காவலுக்கு நின்ற இளைஞன் பெரியப்பாவின் முன்னாள் படைவீரர் அட்டையைப் பார்த்ததும் விறைத்து நின்று “ஜெய் ஹிந்த், சாப்” என்றான். பெரியப்பா ஓய்வு பெற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சுவரில் ரெஜிமெண்டின் சின்னம்: குறுக்காக வைத்த இரண்டு வாள்கள், கேடயத்தின் மேல் யானை. அந்த யானை 1803இல் மராத்தியர்களோடு நடந்த அஸ்ஸாயே போரின் நினைவு. அந்தப் போரை நடத்திய ஆர்தர் வெல்லெஸ்லி பிறகு வெலிங்டன் பிரபு ஆனார். ஊரின் பெயரும் அவருடையதே. 1758இல் தனித்தனிக் கம்பெனிகளைச் சேர்த்துப் பட்டாலியன்களாக அமைத்ததிலிருந்து தன் வயதை எண்ணும் இந்த ரெஜிமெண்ட், இந்தியக் காலாட்படையில் மிகப் பழையது. மைதானத்திலிருந்து ரெக்ரூட்டுகளின் குரல் வந்தது: “வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!” சின்ன வயதில் எங்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பா கத்தவைத்த அதே சொற்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஹவில்தார் கேட்ட முதல் கேள்வி, “நம்பர்?” நான் பையைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடுவதற்குள் அம்மா சொல்லிவிட்டார். எண்கள் ஒவ்வொன்றாக, கடைசியில் வரும் ஆங்கில எழுத்து உட்பட, ஒரு தடங்கல் இல்லாமல். எனக்கே அது மனப்பாடம் இல்லை. இருபது வருடமாக அப்பாவுக்கு எழுதிய ஒவ்வோர் இன்லாண்ட் கடிதத்திலும் அந்த எண்ணை எழுதி, சார்லி கம்பெனி என்று எழுதி, கீழே 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்று எழுதியவர் அம்மா. எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாத கணவருக்கு அந்த எண் மட்டும்தான் முகவரி. ஹவில்தார் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கள், அம்மா” என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

பத்தே நிமிடத்தில் அப்பாவின் பதிவு கண்ணுக்கு முன்னால் வந்தது. கல்யாணத்துக்கான பார்ட் டூ ஆர்டர், அதில் இண்டிபேரோடு அம்மாவின் நீளப் பெயர், அடுத்து நான், அடுத்து தம்பி. எங்களிடம் கேட்டவை இவை: இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று மாஜிஸ்திரேட் முன்னால் எடுத்த பிரமாணப் பத்திரம்; ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலும் பெயர் குறித்த அறிவிப்பு, பக்கத்தை முழுதாக வைக்க வேண்டும், வெட்டி எடுத்த துண்டு போதாது; பள்ளிச் சான்றிதழ்; ஆதார்; அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த புகைப்படம். உங்களுக்குக் கேட்பது கொஞ்சம் மாறலாம். ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: எல்லாக் காகிதத்திலும் இரண்டு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் முதல் பிரமாணப் பத்திரத்தில் இண்டிபேரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து கூடிவிட்டது. பத்திரத்தை மறுபடி எடுத்தோம், அறிவிப்பையும் மறுபடி கொடுத்தோம். அதில் ஒரு மாதம் போனது.

எல்லாவற்றையும் அனுப்பிய பிறகு ரெக்கார்ட் ஆபீஸ் பெயர்த் திருத்தத்தைப் பதிவுசெய்து பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு எழுதியது. பெரியப்பா அதை இன்னும் அலகாபாத் என்றுதான் சொல்கிறார். திருத்திய ஓய்வூதிய ஆணையை வெளியிட வேண்டியது அந்த அலுவலகம். பணம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற இணைய அமைப்பு வழியாக வருகிறது; அதில் அம்மாவின் கணக்கைத் திறந்து ஆதாரை இணைத்தது ஓர் அரை நாள் வேலை.

தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் விசாரிக்காமலேயே கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்ற பிறகு இறந்தவரின் குடும்பத்துக்கு, அவர் இறந்ததிலிருந்து 7 வருடம் வரை, அல்லது அவருக்கு 67 வயது நிரம்பியிருக்கும் நாள் வரை, இரண்டில் எது முந்தியோ அதுவரை, 50 சதவீதம் என்ற உயர்ந்த விகிதம் உண்டு. அவர் வாங்கிய ஓய்வூதியத்தை மட்டும் அது தாண்டாது. அப்பா பிறந்தது 1961. ஆகவே அம்மாவுக்கு 2028 வரை உயர்ந்த விகிதம். ஆணையில் இந்த இரண்டு விகிதமும், எந்தத் தேதியில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் என்பதும் எழுதியிருக்கும். தேதியைப் படித்துப் பாருங்கள்.

பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று மாலையே டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் மனைவியின் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்கள் கையெழுத்தோடு போகும் விண்ணப்பத்துக்கும், நீங்கள் போன பிறகு உங்கள் மனைவி தன்னை யார் என்று நிரூபிக்க அலைவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கல்யாணத்துக்கு எந்தச் சான்றிதழைக் கொடுத்தார் என்று அப்பாவிடம் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் ஒரே நாளில் வெலிங்டனுக்கு எழுதிப் போட்டிருப்பார். காகித விஷயத்தில் அவ்வளவு கறாரானவர்.

2024 பிப்ரவரியில் திருத்திய ஆணை வந்தது. பின்னாலேயே பத்து மாத நிலுவையும் வந்து சேர்ந்தது. ஆணையை அச்செடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்கச் சொன்னார். அவருடைய பெயரை இரண்டு முறை படித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, “அப்பாவுடைய நம்பரைப் படி” என்றார். படித்தேன். கடைசி எழுத்து வரும் வரை உதட்டை அசைத்து கூடவே சொல்லிவிட்டு, ஆணையை வாங்கி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார்.