சொந்தப் பாட்டு மட்டும்

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம், வேளச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பாட்டு எழுதுகிறவர்கள் சிலர் கூடுகிறோம். ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. ஒரு கிட்டார், யாராவது எடுத்து வந்தால் ஒரு கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டி வாசிக்கிற மரப்பெட்டி), சில நாள் கஞ்சிரா, உட்கார நான்கைந்து பாய், அவ்வளவுதான். பாடுவது நீங்களே எழுதி நீங்களே மெட்டுப் போட்ட பாட்டாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் விதி.

இந்த விதியில் நிறைய பேருக்கு என்மேல் வருத்தம். நல்ல குரல் உள்ளவர்கள் வந்து, "ஒரே ஒரு சினிமா பாட்டு பாடிக்கிறேனே" என்று கேட்கும்போது மறுக்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சினிமா பாட்டு எனக்கும் உயிர். ஆனால் தெரிந்த பாட்டு ஒன்று ஆரம்பித்துவிட்டால் கூட்டமே சேர்ந்து பாடும், கைதட்டும், அதற்கு அடுத்தபடியாக யாருமே கேட்டிராத ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்தால் அது எடுபடவே எடுபடாது. அந்தப் பையனுக்காகத்தான் இந்தக் கூட்டம்.

நாம் எழுதுகிறவர் ஒருவர், மெட்டுப் போடுகிறவர் இன்னொருவர் என்றே பழகிவிட்டோம். சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வரும், சொல் இல்லாமல் "தன்னன்னா" என்று பாடிக்காட்டும் தத்தகாரத்தைக் கேட்டு, சந்தத்துக்குச் சொல் வைப்பார்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் அவரை என்னவென்று சொல்வது? கர்நாடக இசையில் வாக்கேயகாரர் என்ற சொல் இருக்கிறது, பாபநாசம் சிவன் போன்றவர்களை அப்படிச் சொல்கிறோம். வேலை முடிந்து பறக்கும் ரயிலில் திரும்பும்போது நான்கு வரியை முணுமுணுத்துப் போனில் பதிந்துகொள்கிற பெண்ணை அப்படிச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை. செய்கிற வேலை என்னவோ அதேதான்.

முதல் மூன்று மாதம் ஒரு காப்பிக் கடையில் நடத்தினோம். இடம் கொடுத்தார்கள், நன்றி. ஆனால் அப்பா இறந்ததைப் பற்றி ஒருவர் மெதுவாகப் பாடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஜூஸுக்கு மிக்ஸி ஓடியது. அவர் நிறுத்திவிட்டு, மிக்ஸி நின்றதும் விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். அன்றைக்கே மாடிக்கு மாறுவதென்று முடிவு செய்தேன். அமெரிக்காவில் நாஷ்வில் ஊரில் ப்ளூபேர்ட் கஃபே என்று 1982-இல் தொடங்கிய ஒரு சின்ன இடம் உண்டு, 90 பேர் உட்காரலாம். பாட்டு எழுதியவர்கள் நடுவில் வட்டமாக உட்கார்ந்து மாறி மாறிப் பாடுவார்கள், பார்வையாளர் யாராவது பேசினால் "ஷ்ஷ்" என்று அடக்கிவிடுவார்கள். வட்டத்தையும் அந்த "ஷ்ஷ்"ஷையும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டோம்.

மாடியில் மைக் இல்லாமல் கேட்குமா என்று கேட்பவர்களுக்கு: திறந்த வெளியில் குரல் கரைந்துதான் போகும். அதனால் பாடுகிறவர் மாடிப்படி அறையின் சுவருக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும், சத்தம் சுவரில் பட்டு முன்பக்கம் வரும். கேட்பவர்கள் நெருங்கி உட்கார்ந்தால் முப்பது பேர் வரைக்கும் சரியாகக் கேட்கிறது. கிட்டாரை விரல் நுனியால் மீட்டினால் சொற்கள் தெளிவாக விழும், பிக் என்கிற சின்ன வில்லையை வைத்து வேகமாக அடித்தால் குரல் அமுங்கிவிடும். அப்புறம் இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், சுருதியும் விலகும். ஒவ்வொருவரும் பாடுவதற்கு முன் சுருதி சேர்க்க ஒரு நிமிடம் கொடுத்துவிடுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வீட்டு ஹால்தான், மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க.

ஆளுக்கு இரண்டு பாட்டு. முதல்முறை வருகிறவரை முதலில் கூப்பிடமாட்டேன், கடைசியிலும் வைக்கமாட்டேன், காத்திருந்து காத்திருந்தே பயம் கூடிவிடும். மூன்றாவதாக வைப்பேன். இடையில் டீ, சுண்டல், செலவுக்கு ஒரு பிஸ்கட் டப்பா, முடிந்தவர்கள் போடலாம். ஒன்பது மணிக்கு முடித்துவிடுவோம், கீழ்வீட்டுப் பாட்டி சீக்கிரம் தூங்குகிறவர்.

பாடுகிறவர் சம்மதிக்காமல் யாரும் போனில் பதியக்கூடாது. மெட்டைத் திருடிவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள். நம் பதிப்புரிமைச் சட்டப்படி பதிவு செய்தால்தான் உரிமை என்றில்லை, உருவாக்கியபோதே பாட்டு உங்களுடையதுதான், தேதியோடு ஒரு பதிவை மட்டும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கேமரா முன்னால் நீட்டப்பட்டால் பாதி எழுதிய பாட்டை யாரும் பாடமாட்டார்கள். எனக்கு அந்தப் பாதிப் பாட்டுகள்தான் வேண்டும்.

போன மாதம் அந்த ரயில் பெண் வந்தார். பல்லவி, அனுபல்லவி பாடி, அதோடு நிறுத்தி, "இவ்வளவுதாங்க இருக்கு" என்றார். யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "இன்னொரு தடவை பாடுங்க" என்றார். பாடினார். இரண்டாம் முறை கஞ்சிராக்காரர் மெதுவாகச் சேர்ந்துகொண்டார்.

வருகிற சனிக்கிழமைக்குள் சரணத்தை முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.