சபர்பனில் ‘சர்வீஸ் ஃபோர் வீல் டிரைவ்’ விளக்கு: மோட்டார் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2000 முதல் 2006 வரை வந்த செவ்ரோலே சபர்பன், டாஹோ வண்டிகளின் ஃபோர் வீல் டிரைவ் வகைகளில் பெரும்பாலும் இருப்பது ‘ஆட்டோட்ராக்’ எனப்படும் என்வி 246 ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. இதற்குத் தரையில் லீவர் கிடையாது. டேஷ்போர்டில் டூ ஹை (பின் சக்கரங்கள் மட்டும்), ஆட்டோ (தேவைப்படும்போது முன்னும் சேரும்), ஃபோர் ஹை (நான்கு சக்கரமும்), ஃபோர் லோ (நான்கும், மெதுவான வேகத்தில் அதிக இழுவை) என்று நான்கு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் கன்ட்ரோல் மாட்யூல் அடியிலிருக்கும் மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும். மோட்டார் ஷிஃப்ட் ஷாஃப்டைத் திருப்பும். எவ்வளவு திரும்பியது என்பதை மோட்டாரோடு சேர்ந்த என்கோடர் சென்சார் மாட்யூலுக்குச் சொல்லும். அந்தப் பதில் குழம்பினால் விளக்கு எரிகிறது. விளக்கு எரிந்ததும் பலரும் முதலில் வாங்குவது அந்த மோட்டாரைத்தான். அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குவதே நான் பின்பற்றும் வரிசை.

முதலில் வண்டியின் கணினி பதிந்து வைத்திருக்கும் பிழைக் குறியீட்டை, அதாவது ‘கோடு’ (code) என்பதை, ஸ்கேனரால் படிக்க வேண்டும். மலிவான ரீடர்கள் ‘பி’ யில் தொடங்கும் இன்ஜின் கோடுகளை மட்டும் காட்டிவிட்டு எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிடும். ஃபோர் வீல் டிரைவ் கோடுகள் ‘சி’ யில் தொடங்குபவை. சேஸிஸ் கோடு படிக்கும் ஸ்கேனர்தான் வேண்டும். சி0327 என்றால் என்கோடர் சுற்றில் கோளாறு. சி0300, சி0305 இரண்டும் பின், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டுகளின் (ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டுகள்) வேக சென்சார்களைக் குறிப்பவை. சி0376 வந்தால் முன், பின் ஷாஃப்டுகளின் வேகம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அதற்கு ஸ்பானரைத் தொடும் முன் டயரைப் பாருங்கள். ஒரு இன்ச் டேப்பை நான்கு டயர்களையும் சுற்றிப் பிடித்துச் சுற்றளவை எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் புதிய ஜோடி, பின்னால் தேய்ந்த ஜோடி என்று ஓட்டினால், ஆட்டோ மோடில் உள்ளேயிருக்கும் கிளட்ச் தட்டுகள் ஓயாமல் பிடித்துப் பிடித்து விடும்; சூடேறித் தேயும். எல்லா டயரிலும் காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

அடுத்தது எர்த் வயர். ஓட்டுநர் கதவுக்குக் கீழே சேஸிஸ் ஃப்ரேமில் எர்த் வயர்கள் சேரும் போல்ட் இருக்கிறது. குளிர்காலத்தில் உப்புத் தூவும் கனடா, அமெரிக்காவின் வட மாநிலச் சாலைகளில் ஓடிய வண்டிகளில் அது துருப்பிடித்துப் பச்சை படிந்து கிடக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, போல்டை எடுத்து, ஃப்ரேமையும் வயர் வளையத்தையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மீண்டும் இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். இந்த ஒரு வேலையிலேயே வந்து வந்து போகும் விளக்கு நின்றுபோவது உண்டு.

நான்கு பொத்தான்களிலும் விளக்கே இல்லையென்றால் ஃபியூஸ், பிறகு ஸ்விட்ச். ஸ்விட்சை எடுக்க டேஷ்போர்டின் முன் சட்டத்தை இழுக்க வேண்டும். பார்க்கிங் பிரேக் போட்டு, கியர் லீவரை ஒன்று வரை இறக்கி, ஸ்டீயரிங்கை முழுக்கத் தாழ்த்தினால்தான் சட்டம் உடையாமல் வெளியே வரும்.

பொத்தான் வேலை செய்து மோட்டார் சத்தம் மட்டும் வரவில்லை என்றால் டெஸ்ட் லாம்ப் போதும். மோட்டார் கனெக்டரின் தடித்த இரண்டு வயர்களுக்கு நடுவே அதைப் பிடித்துக்கொண்டு, சாவி ஆன் நிலையில் இன்னொருவரைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். லாம்ப் சிறிது நேரம் எரிந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் குறை மோட்டாரில். எரியவே இல்லையென்றால் மாட்யூல், ஃபியூஸ், எர்த் என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஃபோர் லோ சோதிக்கும்போது கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், வண்டி நின்றோ மிக மெதுவாகவோ போக வேண்டும். இல்லையென்றால் மாட்யூல் மறுத்துவிடும். அது கோளாறு அல்ல.

மோட்டாரையோ சென்சாரையோ மாற்றியே ஆக வேண்டும் என்றால், முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் கை போக இடம் கிடைக்கும். முன் டிஃபரென்ஷியல் பக்கம் நான்கு 11 மி.மீ. போல்டுகள், மறுமுனை ஸ்ப்ளைனிலிருந்து (பல் வரிகள் கொண்ட இணைப்பு) வழுக்கி வரும். கழற்றும் முன் ஷாஃப்டிலும், அது டிஃபரென்ஷியலில் பொருந்தும் யோக்கிலும் பெயின்டால் கோடு போட்டு, அதே இடத்தில் திரும்ப மாட்டவும். மோட்டார் ஷிஃப்ட் ஷாஃப்டின் தட்டை முகத்தில் உட்காருகிறது. புது மோட்டாரின் துளையும் அந்த முகமும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் ஷாஃப்டை மெதுவாகத் திருப்பிச் சேர்க்க வேண்டும். போல்டை இறுக்கி இழுத்து உட்கார வைக்கப் பார்த்தால் சென்சார் உடையும். என்கோடர் சென்சார் தனியாகவும் கிடைக்கிறது. கோடு சி0327 ஆக இருந்து மோட்டார் நன்றாகச் சுற்றினால் அதுவே போதும். ஆண்டைப் பொறுத்து கனெக்டர் மாறும். பழையதைக் கையில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

இங்கே உயிரைக் காக்கும் விஷயம் ஒன்று: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்குப் போய்விட்டால் கியரைப் பார்க்கில் வைத்திருந்தாலும் வண்டி உருளும். இரண்டரை டன்னை நெருங்கும் வண்டி இது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, பார்க்கிங் பிரேக், ஃப்ரேமுக்கு அடியில் ஸ்டாண்டுகள். இவை இல்லாமல் அடியில் போகக் கூடாது.

முன் ஆக்சில் சேர்கிறதா என்பது தனிச் சோதனை. முன் இரு சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டூ ஹையில் இடது சக்கரத்தைச் சுற்றினால் வலது சக்கரம் அசையக் கூடாது. ஃபோர் ஹையில் போட்டுச் சுற்றினால் வலது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால், மோட்டார் சரியாக இருந்தும் முன் ஆக்சிலில் திருகி மாட்டியிருக்கும், அதை இணைத்துவிடும் ஆக்சுவேட்டர் வேலை செய்யவில்லை.

இதுவரை சொன்னவை விளக்கு காட்டிக்கொடுக்கும் குறைகள். விளக்கு ஒருபோதும் சொல்லாத குறை ஒன்று இந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டியில் இருக்கிறது; என் பார்வையில் அதுதான் பெரியது. உள்ளேயிருக்கும் ஆயில் பம்பின் வெளிக்கூடு சுழலாமல் பிடித்திருப்பவை அதன் எஃகு முனைகள். அவை ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பாதி ஹவுசிங்கில் (வெளி உறை) சாய்ந்து நிற்கின்றன. ஹவுசிங் மெக்னீசியம். ஆண்டுக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து எஃகு அதை அரித்து, மேல்பகுதியில் ஊசித்துளை விழும். நிற்கும்போது ஆயில் மட்டம் துளைக்குக் கீழே இருப்பதால் தரையில் ஒரு சொட்டும் இருக்காது. ஓடும்போது மட்டும் ஆயில் சிதறி வெளியேறும். ஆகவே நிறுத்தியிடத்தில் கறை இல்லை என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். பின்பாதியை பிரேக் கிளீனரால் துடைத்து, சில கிலோமீட்டர் ஓட்டி, கண்ணாடியும் டார்ச்சும் வைத்து மேல்பக்கத்தைப் பாருங்கள்.

துளை இருந்தால் வெளியிலிருந்து எபாக்சி பூசுவது தற்காலிகம்; பம்ப் உள்ளே அரித்துக்கொண்டேதான் இருக்கும். பெட்டியைப் பிரித்து, பின்பாதியை மாற்றி, பம்ப் முனைகள் ஆடாமல் தடுக்கும் திருத்திய பாகத்தைப் போடுவதே தீர்வு. மெக்னீசியம் தூள் தீப்பற்றும். கிரைண்டரையும் வெல்டிங்கையும் அருகில் கொண்டுபோக வேண்டாம். தூளைக் காந்தம் பிடிக்காது. வடித்த ஆயிலில் வெள்ளி மினுமினுப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஆயில் மாற்றுவது எளிது. மேலே நிரப்பும் பிளக்கை முதலில் திறக்கவும். அது திறக்காவிட்டால் வடித்த பிறகு நிரப்ப வழியில்லாமல் போகும். ஊற்ற வேண்டியது நீல நிற ஆட்டோட்ராக் 2 திரவம், ஏறக்குறைய 2 லிட்டர். சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் கிளட்ச் தட்டுகள் நடுங்கிப் பிடிக்கும். வண்டி சமமாக நிற்கும் நிலையில் துளையிலிருந்து வழியும்வரை நிரப்பி, பிளக்கை அளவாக இறுக்குங்கள். மெக்னீசியத்தின் திருகுவரி மென்மையானது. 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். பின்பாதியின் மேல் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு உடனே மட்டத்தைப் பார்க்கவும்.

வேலை முடிந்ததும் கோடுகளை அழித்து, சரளை மண் பாதையில் ஃபோர் ஹையில் நேராகவும் வளைந்தும் ஓட்டிப் பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் ஹையில் திருப்பினால் வண்டி இறுகி இழுக்கும். அது இயல்பு, அங்கே சோதிக்க வேண்டாம்.