வள்ளி காவலிருந்த மலை

வள்ளிமலைக்குப் போகிறவர்கள் விறுவிறுவென்று ஏறி, வந்த வேகத்தில் இறங்கிவிடக் கூடாது என்பது என் எண்ணம். முருகனே பொறுமையாகக் காத்திருந்து பெண் கேட்ட மலை அது. வேடனாக வந்தார், வேங்கை மரமாக நின்றார், அப்புறம் தள்ளாத கிழவராக வந்து வள்ளி கையால் தேனும் தினைமாவும் வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எங்களுக்கு அவ்வளவு நேரம் ஏது? மதிய பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மறுநாள் ஆபீஸ். இப்போது இரண்டு பேரும் ஓய்வு பெற்றாயிற்று. இந்தத் தை மாதம் பேத்தியையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையிலேயே வேலூரிலிருந்து கிளம்பினோம்.

நேராகப் போனால் 25 கிலோமீட்டர் வாக்கில்தான் இருக்கும். நாங்கள் திருவலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். சம்பந்தர் பாடிய வில்வநாதேசுவரர் கோயிலில் நந்தி, சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். காஞ்சனகிரியிலிருந்து அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த அர்ச்சகரைக் கஞ்சன் என்ற அசுரன் வழிமறித்தான். ஈசன் நந்தியை அனுப்பி அவனை அடக்கினார். மறுபடி வந்துவிடப் போகிறானே என்று நந்தி இன்னும் அந்தத் திசையிலேயே காவல் இருப்பதாகத் தலபுராணம். கதையைக் கேட்ட பேத்தி நந்தியின் காதருகே போய், "நான் பாத்துக்கறேன், நீ கொஞ்சம் திரும்பி சாமி கும்பிட்டுக்கோ" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. முதலாம் இராசராசன் தன் பாட்டனார் அரிஞ்சயனுக்காக எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்தவர் நினைவாக அவர் சமாதியில் எழுப்பும் கோயில், அங்கேதான் இருக்கிறது. "தாத்தாவுக்காகப் பேரன் கட்டினது, நல்லா பாத்துக்கோ" என்று வீட்டுக்காரர் பேத்தியிடம் சொன்னார்.

வள்ளிமலைக்கு 444 படிகள். பெரும்பாலும் பாறையிலேயே வெட்டியவை. முட்டி வலித்த இடத்திலெல்லாம் உட்கார்ந்தோம். "மெதுவா வா, சாமி எங்கேயும் போயிடாது" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அப்படி ஒரு மண்டபத் திண்ணையில் சாய்ந்திருந்தபோதுதான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. அழுக்குப் பழுப்பு நிறம், தத்தித் தத்தி நடை, ஓயாத கீச்சுக்குரல். வீட்டுக் கொல்லைப்புறத்தில் தினமும் வருகிறவைதான். பக்கத்தில் பார்த்தால் கண் மட்டும் வெளிறிய நீலம். ஒன்று, யாரோ சிந்திவிட்டுப் போன மல்லாட்டைப் (வேர்க்கடலை) பருப்பைக் காலால் அமுக்கிப் பிடித்துக் கொத்தியது. இன்னும் இரண்டு தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தன. ஒன்று கண்ணை மூடிக் கழுத்தை நீட்ட, மற்றது அதன் இறகை ஒவ்வொன்றாகக் கோதிவிட்டது. வெகுநேரம் கோதியது. கிளையில் இருந்த ஒன்று திடீரென்று கத்தியதும் எல்லாம் ஒரே வீச்சில் பறந்துவிட்டன.

என் ஆயாவின் ஞாபகம் வந்தது. பாட்டியை எங்கள் பக்கம் ஆயா என்போம். பொன்னைப் பக்கம் எங்களுக்குக் கம்புக் கொல்லை இருந்தது. பால் பிடிக்கிற நேரத்தில் கிளிகள் வந்து உட்கார்ந்தால் கதிர் மிஞ்சாது. பரண்மேல் என்னையும் ஏற்றி உட்கார வைத்துக்கொண்டு, தகர டின்னைத் தட்டியபடி ஆயா வள்ளி கதை சொல்லும். மான் வயிற்றில் பிறந்த குழந்தையை வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் நம்பிராசன் கண்டெடுத்தது, அவள் வளர்ந்து தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கவண் வீசியது, எல்லாம் அந்தப் பரணில் கேட்டவை. கிழக்கு மூலையில் மட்டும் ஆயா டின்னைத் தட்டாது. கேட்டால், "அதுங்களுக்கும் வயிறு இருக்குதில்ல? அந்த மூலை அதுங்களுக்கு" என்று சொல்லும். இதைப் பேத்தியிடம் சொன்னேன். "வள்ளியும் ஒரு மூலையை விட்டு வச்சிருப்பாங்களா ஆயா?" என்று கேட்டாள். கட்டாயம் வைத்திருப்பாள் என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

குரங்குகள் நிறைய. தயவுசெய்து தின்பண்டம் நீட்டாதீர்கள். கொடுத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் பையைப் பிடுங்குகிறது என்று கல்லெறிவது பாவம். பை கண்ணில் படாமல் இருந்தால் அவை தம் பாட்டுக்கு இருக்கின்றன. குட்டியை மடியில் போட்டுத் தாய் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே இன்னும் ஒருமுறை ஏறலாம்.

மேலே கருவறை பாறையைக் குடைந்தது. வள்ளி தெய்வானையோடு முருகன். கூட்டமில்லை, நிம்மதியாக நின்று கும்பிட்டோம். வள்ளியைப் பயமுறுத்திக் கிழவரிடமே ஓட வைத்த விநாயகர் இங்கே யானை வடிவப் பாறையாக இருக்கிறார். வெயிலே படாத சுனையும் இருக்கிறது. திருப்புகழைத் தமிழ்நாடெங்கும் பரப்பிய வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1950-இல் சமாதி அடையும்வரை தவமிருந்த ஆசிரமத்துக்கும் போனோம். வழியில் ஒரு மயில் அகவியது. பேத்தி, "முருகா, உன் வண்டி கூப்பிடுது!" என்று கத்தினாள். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டார்.

அடிவாரத்தில் புளிசாதமும் முள்ளுக்கத்திரிக்காய்ப் பொரியலும் பிரித்துச் சாப்பிட்டோம்.

மாசியில் இங்கே பிரம்மோற்சவம். தேர் மலையையே சுற்றி நிலைக்கு வர 4 நாள் ஆகும். வழிநெடுக ஊர்ச்சனங்கள் தங்கள் நிலத்தில் விளைந்த தானியத்தைத் தேரின்மேல் இறைத்து வேண்டிக்கொள்வார்கள். அதற்கு என் தங்கை குடும்பமும் வருகிறது. ஆயாவின் கொல்லையில் தம்பி இப்போது கம்பு போடுவதில்லை, மல்லாட்டைதான். அதில் ஒரு படி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பேத்தி கையால் தேரில் இறைக்கட்டும்.