டி டிரைவில் போட்டு வைப்பது காப்புப் பிரதி ஆகாது

கணினியைக் கடிதம் தட்டச்சு செய்யவும் குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்கவும் மட்டும் பயன்படுத்துபவர்களிடம் காப்புப் பிரதி (பேக்கப்) எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டால், “எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது” என்றே பலரும் சொல்கிறார்கள். விண்டோஸை மறுபடி நிறுவும்போது வழக்கமாகச் சி டிரைவை மட்டுமே அழிப்பார்கள் என்பதால், பழுது பார்ப்பவர்கள் சொல்லித் தந்த பழக்கம் அது. அந்த அளவுக்கு அது நல்லதுதான். ஆனால், பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்டு டிஸ்கின் இரு பகுதிகளே என்பதால், டிஸ்க் செயலிழக்கும்போது இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

கணினி நுட்பம் அறியாதவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, யுஎஸ்பி வழியாக இணைக்கும் ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்கைத்தான். மாதம் ஒருமுறை அதில் அன்றைய தேதியிட்ட ஒரு ஃபோல்டரை உருவாக்கி, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் ஆகியவற்றில் உள்ளவற்றை நகலெடுத்து, நகலிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, டிஸ்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். திறந்து பார்க்கும் வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கழற்றி வைப்பதற்கும் காரணம் உண்டு: 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற பணயத் தீநிரல்கள் (கோப்புகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர்), கணினியில் உள்ள கோப்புகளோடு நில்லாமல், அதனுடன் இணைந்திருக்கும் டிஸ்குகளில் உள்ளவற்றையும் பூட்டிவிடக்கூடியவை. விண்டோஸில் உள்ள ஃபைல் ஹிஸ்டரியும், ஆப்பிள் கணினிகளில் 2007 முதல் இருந்துவரும் டைம் மெஷினும் இந்த நகலெடுப்பைத் தாமாகவே செய்து, பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்கும். ஒருமுறை யாரையாவது அமைத்துத் தரச் சொன்னால் போதும். பென் டிரைவைக் கோப்புகளை எடுத்துச் செல்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே டிஸ்க் போதுமா என்றால், போதாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் தரைத்தளங்களுக்குள் புகுந்ததுபோல் இன்னொரு முறை நடந்தால், மேசைமேல் இருக்கும் கணினியும் அதன் இழுப்பறையில் இருக்கும் டிஸ்கும் ஒன்றாகவே நனையும். ஆகவே இன்னொரு நகல் வேறிடத்தில், உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பகத்திலோ இருப்பது அவசியம்.

கூகுள் கணக்கில் கட்டணமின்றிக் கிடைக்கும் 15 ஜிபி இடத்தை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பகிர்ந்துகொள்கின்றன. மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் கிடைப்பது 5 ஜிபி. கூகுள் ஃபோட்டோஸின் அளவில்லா இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1 முதல் முடிவுக்கு வந்துவிட்டது; அது இன்னும் தொடர்வதாக எண்ணிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இதைவிடப் பெரிய குழப்பம், ஒத்திசைவையே (கணினியிலும் இணையத்திலும் கோப்புகளைத் தாமாகவே ஒன்றுபோல் வைத்திருக்கும் சிங்க் வசதியை) காப்புப் பிரதி என்று நம்புவது. ஒத்திசையும் ஃபோல்டரில் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், அது இணையத்திலிருந்தும் மற்றக் கருவிகளிலிருந்தும் நீங்கிவிடும்; கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாட்கள் இருக்கும், அதற்குள் கவனித்தால்தான் மீட்க முடியும். எனவே இணையச் சேமிப்பகத்தை டிஸ்கிற்குத் துணையாகக் கொள்ளலாமே தவிர, அதற்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

இணையக் கணக்கைப் பயன்படுத்துபவர்கள் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுவது நல்லது. கணக்கை மீட்கக் கொடுத்திருக்கும் கைபேசி எண் மாறினால், பழைய சிம்மைக் கைவிடும் முன்பே கணக்கில் புதிய எண்ணைச் சேர்த்துவிட வேண்டும்.