காற்று நகரத்துக்கு மறுபடியும்

கிரிக்கெட் போட்டிகளையும் விடுதிச் சாப்பாட்டையும் பற்றி நம் கல்லூரியின் இந்த மலரில் நண்பர்கள் பலர் எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது 1971 நவம்பர் 20 ஆம் திகதி ஜப்பானில் வெளியான ஓர் இசைத்தட்டைப் பற்றி. ‘ஹப்பி எண்ட்’ என்ற நால்வர் றொக் குழுவின் ‘கஸெமாச்சி ரோமன்’. கல்லூரியில் நாங்கள் முடிக்காமல் விட்டுவந்த ஒரு வழக்குக்கு எனக்கு விடை சொன்னது அதுதான்.

எழுபதுகளில் உயர்தர வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த வழக்கு நினைவிருக்கும். இரவுப் படிப்பு முடிந்து விடுதியில் யாராவது கிற்றாரை எடுத்தால் ஆங்கிலப் பாட்டுத்தான். தமிழில் பாடினால் பைலா வரும், சினிமாப் பாட்டு வரும், றொக் வராது என்பது ஒரு கட்சி. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ ஊரெல்லாம் கேட்ட காலம் அது. அதைக் காட்டி வாதாடிய கட்சி எங்களுடையது. “அது பகிடிப் பாட்டு மச்சான். மனசில கிடக்கிறதை உந்த மெட்டில எப்பிடிச் சொல்லுவாய்?” என்று எதிர்க்கட்சி நண்பன் கேட்பான். எங்களிடம் பதில் இருக்கவில்லை. பரீட்சை வந்தது, பிறகு நாட்டு நிலைமை எல்லாரையும் திசைக்கொருவராகக் கொண்டுபோய் விட்டது.

எண்பதுகளின் நடுவில் ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் பெற்று டோக்கியோ போனேன். ஆய்வுகூடத்தில் எனக்கு மூத்த மாணவர் ஒருவரிடம் ஒருநாள் இந்தப் பழைய சண்டையைச் சொன்னேன். அவர் பலமாகச் சிரித்தார். தாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஜப்பானிலும் இதே சண்டைதான் நடந்தது என்றார். அடுத்த கிழமை ஒரு கசெற் வந்தது. கூடவே பாடல் வரிகளைக் கையால் எழுதிய தாள்கள். எனக்கு வாசிக்க வரவேண்டும் என்று ‘கஞ்சி’ எனப்படும் சீனவழி எழுத்து ஒவ்வொன்றுக்கு மேலும் அதன் ஒலியைப் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். ஆய்வுக் கட்டுரை ஒப்படைக்கும் நெருக்கடிக்குள் ஒரு மனிதர் இதைச் செய்தார் என்பதை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஜப்பானியச் சண்டையில் ஒரு பக்கம் பாடகர் யூயா உச்சிதா. றொக் ஆங்கிலத்தில் இருந்தால்தான் வெளியுலகத்துக்குப் போய்ச் சேரும், ஜப்பானிய மொழி அந்தத் தாளத்தில் உட்காராது என்பது அவர் கட்சி. அதில் அவர் நேர்மையாகவே நின்றார். அவர் உருவாக்கிய ‘ஃபிளவர் டிராவலின் பாண்ட்’ ஆங்கிலத்தில் பாடியது. இப்போது நான் இருக்கும் இதே ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் தங்கி வாசித்தது. மறுபக்கம் ஜப்பானிய மொழியிலேயே பாடிய ஹப்பி எண்ட். பத்திரிகையில் விவாதம் நடந்தது உண்மை. ஆனால் வழக்கைத் தீர்த்தது விவாதம் அல்ல, இந்த இசைத்தட்டு.

தட்டு வெளிவந்தபோது குழுவின் நால்வரில் ஹருவோமி ஹொசோனோவுக்கு 24 வயது. எயிச்சி ஓத்தாக்கிக்கு 23, தகாஷி மட்சுமொட்டோவுக்கு 22. ஷிகெரு சுசூக்கிக்கு இருபது நிறையவில்லை. அந்த வயதில் வாசித்த லீட் கிற்றார் அது என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் போன்ற அமெரிக்கக் குழுக்களை ஊன்றிக் கேட்டுப் பழகிய பிள்ளைகள். ஒலியை அங்கிருந்து எடுத்தார்கள், பேச்சைத் தங்கள் தெருவிலிருந்து எடுத்தார்கள். ஜப்பானியச் சொற்களில் அசைகள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். ஓத்தாக்கி அந்த உயிரை இழுப்பார், சொல்லை நடுவில் வெட்டுவார், வெட்டிய துண்டைத் தாளத்தின் அடுத்த அடியில் கொண்டுபோய் வைப்பார். முதற் பாடலிலேயே இதைக் கேட்கலாம். தாளத்தில் உட்காராது என்ற மொழி அங்கே சம்மணம் கட்டி உட்கார்ந்திருக்கிறது.

பாடல் வரிகளில் பெரும்பங்கு டிரம்ஸ் வாசித்த மட்சுமொட்டோவுடையது. அவர் டோக்கியோ அயோமாவில் பிறந்து வளர்ந்தவர். 1964 ஒலிம்பிக்குக்காக வீதிகளை அகட்டி, மேம்பாலங்கள் கட்டி, நகரத்தின் முகத்தையே மாற்றினார்கள். பிறகு தெரு டிராம்களையும் ஒவ்வொரு பாதையாக நிறுத்தினார்கள். சிறுவயதில் நடந்த தெருக்கள் போய்விட்ட பிறகு அவர் அயோமா, ஷிபுயா, அஸாபு மூன்றையும் கோட்டால் இணைத்து, அந்த முக்கோணத்துக்குள் கற்பனையாக ஒரு நகரத்தைக் கட்டினார். அதுதான் கஸெமாச்சி, காற்று நகரம். தட்டின் உட்பக்கத்தில் டிராம் ஓவியம் இருப்பது அதனால்தான். ‘கஸே வோ அட்சுமெத்தே’ பாடலில் ஊரோரத்துச் சந்தில் ஒருவன் நடந்துபோகிறான். அழுக்குப் பிடித்த மூடுபனிக்கு அப்பால், அப்போதுதான் தூக்கம் விழித்த டிராம் ஒன்று கடலைக் கடந்துபோவதைக் காண்கிறான். கோபமும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. கண்டதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல் ஹொசோனோ தணிந்த குரலில் பாடிப்போகிறார். அந்தப் பாட்டில் வாசித்தவர்கள் இரண்டே பேர். டிரம்ஸ் மட்சுமொட்டோ, மற்ற எல்லாம் ஹொசோனோ.

இருபத்தைந்து வயதில் இதை நான் கெட்டித்தனமான பாட்டு என்று மட்டும் கேட்டேன். போன வருடம் மகள் டோக்கியோ போனபோது தட்டை வாங்கி வந்தாள். இப்போது கேட்கையில் வேறொன்று பிடிபடுகிறது. இவர்கள் பாடிய ஊர் அவர்கள் பாடும்போதே இல்லாமல் போயிருந்தது. நம்மில் எத்தனை பேருடைய வீதி, வாசிகசாலை, மதகு எல்லாம் இன்று அந்த இடத்தில் இல்லை! இல்லாத ஊரைப் பாட அந்த ஊரின் பேச்சுத்தான் வேண்டும். மச்சான் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு நான் இப்போது சொல்லக்கூடிய பதில் இது.

இரண்டாம் பக்கத்தின் முதற் பாடல் ‘நட்சு நன்தேஸு’. கோடைகாலம். வெள்ளையாய்க் காயும் வயல் வரம்பில் புழுதிக் காற்று வந்து நிற்கிறது. பொடியள் நிலத்தில் குந்தியிருந்து போளை அடிக்கிறார்கள். தாளில் இருந்த அந்த வரியை அகராதி வைத்து வாசித்து முடித்தபோது கண்கள் கலங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹொசோனோ அந்தப் பாட்டை அவசரமே இல்லாமல் பாடுகிறார், மத்தியான வெயில் ஏறியவன் பேசுவதுபோல.

கடைசிப் பாடல் மிகச் சிறியது. ஜப்பானிய அரிச்சுவடியை அப்படியே பாடுகிறார்கள். அ, இ, உ, எ, ஒ, பிறகு க வரிசை, ச வரிசை. பலர் இதை விளையாட்டு என்று தாண்டிப் போவார்கள். தமிழ்ப் பிள்ளை தாண்டமுடியாது. உயிரெழுத்துகள் நம்முடைய ஒழுங்கிலேயே வருகின்றன. பௌத்த துறவிகள் சமஸ்கிருத எழுத்துக் கல்வியை ஜப்பானுக்குக் கொண்டுபோனபோது போய்ச்சேர்ந்த ஒழுங்கு அது. தங்கள் மொழியில் முடியுமா என்று கேட்டவர்களுக்கு, முடிவில் அந்த மொழியின் எழுத்துகளையே பாடிக் காட்டியது எவ்வளவு பொருத்தம்!

குழு அதிக காலம் இருக்கவில்லை. மூன்றாவது தட்டை லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ப் பதிவுசெய்தார்கள். அது வெளிவருமுன்பே பிரிந்துவிட்டார்கள். 1985 ஜூனில் டோக்கியோ தேசிய விளையாட்டரங்கில் நால்வரும் மறுபடி ஒன்றாக மேடையேறினார்கள். அதற்கு முன்பே, 1978 இல், ஹொசோனோ ‘யெல்லோ மேஜிக் ஓர்க்கெஸ்ட்ரா’ என்ற மின்னிசைக் குழுவைத் தொடங்கியிருந்தார். மட்சுமொட்டோ ஜப்பானின் முன்னணிப் பாடலாசிரியர் ஆனார். ஓத்தாக்கி 2013 டிசெம்பரில் காலமானார். 2007 இல் ‘ரோலிங் ஸ்டோன்’ ஜப்பானியப் பதிப்பு நாட்டின் சிறந்த றொக் தட்டுகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் ‘கஸெமாச்சி ரோமன்’தான். வெளிவந்த காலத்தில் பெரிதாக விற்காத தட்டு அது.

கேட்க விரும்பும் நண்பர்கள் இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சத்தத்தை அதிகம் கூட்டவேண்டாம், பேஸ் கிற்றாரைக் கவனியுங்கள். வரிகளின் பொருள் வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பென்சில் எழுத்துத் தாள்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. படியெடுத்து அனுப்புகிறேன்.